இரண்டாவது விலை

அவரிடம் இரண்டாவது விலை என்று ஒன்று கிடையாது. இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கையில் வாங்கி, அரை மணி நேரம் பார்த்து, ஒரு விலை சொல்வார். அதற்கப்புறம் நீங்கள் அழலாம், சிரிக்கலாம், காலில் விழலாம், போலீஸ் கமிஷனரையே கூட்டிவரலாம். "துப்பாக்கி மாறலியே, வெல மட்டும் எப்டி மாறும்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

ராயபுரத்தில் எல்லோருக்கும் அவர் துப்பாக்கி நைனா. பேரைக் கேட்டால் ஏதோ புலி வேட்டைக்காரர் என்று தோன்றும். ஆள் நோஞ்சான். உயிருள்ள எதையும் அவர் சுட்டதில்லை. சின்ன வயதில் எண்ணூர் மணல்மேட்டில் தகரப் பலகை நட்டு, விற்பனைக்கு வந்த துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கிற வேலை செய்தவர். நான் பார்த்தபோது ஐம்பது தாண்டியிருந்தார், ஒரு துப்பாக்கிக் கடையில் மதிப்புப் போடுகிறவராக இருந்தார். நான் அதே கடையில் டைப்பிஸ்ட். அவர் சொன்னதை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பேன், அவர் கீழே கையெழுத்துப் போடுவார். கையெழுத்து மட்டும் ஜமீன்தார் கையெழுத்து மாதிரி ஆடம்பரமாக இருக்கும்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்து அதிகாரி, திருவொற்றியூர் ஆலை மானேஜர், ரயில்வேக்காரர் என்று வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். பியானோவை யாருக்கு வேண்டுமானாலும் விற்றுவிட்டுப் போகலாம். துப்பாக்கியை அப்படி விற்க முடியாது. லைசென்ஸ் உள்ளவரிடம் விற்க வேண்டும், இல்லையென்றால் எங்களைப் போன்ற கடையில் கொடுக்க வேண்டும். கப்பல் நாள் நெருங்க நெருங்கக் கையில் அது கனக்கும். எங்கள் முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும்.

முதலாளி தெற்கத்திக்காரர், அண்ணாச்சி. நல்ல வியாபாரி. நைனா விலை சொல்லப்போகும் நேரத்தில் கல்லாவிலிருந்து இருமுவார். ஒரு இருமல் என்றால் கொஞ்சம் குறை, இரண்டு என்றால் நன்றாகக் குறை. நைனா ஒரு நாளும் குறைத்ததில்லை. விற்க வந்தவர் முகத்துக்கு நேராக முழு விலையையும் சொல்லிவிடுவார். அண்ணாச்சிக்கு வயிறு எரியும். ஆனாலும் அவரை வைத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் வாங்க வருகிறவர்களும் நைனாவின் கையெழுத்தைப் பார்த்துத்தான் பணத்தை எடுத்தார்கள். மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர்கள்கூட, "நைனா என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

காசிமேட்டுக் கரையில் மீன் வாங்கும்போதும் இதே கதைதான். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். பேரம் பேசினால் சொன்னவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். முதலில் மீன்காரப் பெண்கள் அவரை நன்றாக ஏமாற்றினார்கள். அப்புறம் அவர்களுக்கே பாவமாகிவிட்டது. ஒரு கிழவி என் முன்னாலேயே பக்கத்துக் கடைக்காரியை அதட்டினாள். "ஏய், நைனாகிட்ட இன்னாத்துக்கு வெல ஏத்தறே? அது ஒண்ணும் கேக்காதுடி. மெய் வெலய சொல்லு."

ஒரு தடவை என் புதுப் புடவையைக் காட்டி, "இது என்ன விலை இருக்கும் நைனா?" என்று கேட்டேன். அரை நிமிடம் உற்றுப் பார்த்தார். "எனுக்கு இன்னா தெரியும்? அதுல நம்பரே இல்லியேம்மா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

துப்பாக்கியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அந்தச் சோப்பை வேறு யாரும் தொடக்கூடாது. பிறகு துணி விரித்து, துப்பாக்கியை மூன்று பாகமாகக் கழற்றி வைப்பார். மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பார். குழலின் அடியில் குத்தியிருக்கும் சோதனை முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் படிப்பார். மேலே வெட்டியிருக்கும் கம்பெனிப் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பார். பெரிய லண்டன் பெயர் வெட்டிய துப்பாக்கி ஒன்றை ஒரு ஜமீன் வாரிசு பட்டுத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். "இது பர்மிங்காம்ல பொறந்து, பேர மாத்திகினு வந்துகீது" என்று நைனா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாரிசு கத்தின கத்தலில் ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றது. நைனா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று செய்வார். கழற்றிய இரட்டைக் குழலை அதன் அடியில் இருக்கும் கொக்கியால் இடது கை விரலில் தொங்கவிட்டு, வலது கை முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டு குழலையும் நடுவில் ஒரு பட்டை வைத்து ஈயத்தால் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு சுத்தமாக இருந்தால் குழல் கணீரென்று ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். விட்ட இடத்தில் ஈரம் இறங்கி உள்ளுக்குள்ளேயே துரு தின்றுகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இங்கே சரி செய்ய ஆள் இல்லை, சீமைக்குத்தான் அனுப்ப வேண்டும். நாதம் போன குழல் என்றால் மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும் விலை கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும்.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம் ஒரு குழலைத் தட்டினார். சகிக்கவில்லை, தகர டப்பா மாதிரி இருந்தது. நைனா சீட்டில் "நாதம் சுத்தம்" என்று எழுதினார். நான் அதிர்ச்சியில் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தேன். "நைனா" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணூர் மணல்மேட்டில் வருஷக்கணக்காகச் சுட்டதில் காது போயிருந்தது. முகத்துக்கு நேரே பேசினால் வாயசைவை வைத்துச் சமாளித்து வந்திருக்கிறார். ஒரு துண்டுக் காகிதத்தில் "நாதம் இல்லை" என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். படித்தார். என் முகத்தையும், கையில் இருந்த கண்ணாடியையும் பார்த்தார். சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்.

மறுநாள் நான் போனபோது அவருடைய மேஜை என் மேஜைக்கு எதிரே திரும்பியிருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று அண்ணாச்சியிடம் சொன்னாராம்.

அதற்குப் பிறகு குழலைத் தட்டும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். நாதம் நன்றாக இருந்தால் நான் பேசாமல் இருப்பேன். கெட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றுவேன். இப்படிச் செய்யலாம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் நான் அப்படிக் கழற்றினேன், அவர் அதையே பிடித்துக்கொண்டார். மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இந்த வேலை நடந்தது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது, மறைப்பானேன். கண்ணாடி போட்டவளை எவன் கட்டுவான் என்று அம்மா தினமும் புலம்பிய அந்தக் கண்ணாடியால்தான் ஒரு குடும்பம் சோறு தின்றது. நைனாவின் மனைவி படுத்த படுக்கை. காது போனது தெரிந்தால் அண்ணாச்சி அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவார் என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

அப்போதுதான் டிரைவர் துரை வந்தார். ராயபுரத்திலேயே இருந்த ஆங்கிலோ இந்தியர், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகன் முன்கூட்டியே லண்டன் போய் வேலையில் அமர்ந்து, மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தான். கிழவருடைய டிக்கெட்டை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தது ஒரு துப்பாக்கி. அவரோடு பழவேற்காட்டில் வாத்து சுடப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது பரிசாகக் கொடுத்தது. டிக்கெட் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. "இது போதும்ல மேன்?" என்று நைனாவைக் கேட்டார். கூட மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சின்னது தாத்தாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றது.

நைனா கை கழுவினார், கழற்றினார், பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. நம்பர் மூன்றும் ஒன்று. முத்திரைகள் சுத்தம். குழலைத் திறந்து மூடும் பூட்டு நெய்யில் வழுக்குகிற மாதிரி வழுக்கியது. "லண்டன் வேல. மெய்யாலுமே லண்டன் வேல" என்று இரண்டு முறை சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. டிரைவர் துரை தன் கைக்குட்டையால் துப்பாக்கியின் மரக்கட்டையை ஒரு தடவை துடைத்து, குனிந்து, ஆங்கிலத்தில் அதனிடம் என்னவோ சொன்னார். ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் சொல்கிற மாதிரி இருந்தது.

நான் அழுமூஞ்சி இல்லை. அப்பா செத்தபோதே மற்றவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அன்றைக்கு என்னவோ கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன்.

அதே சமயம் நைனா குழலைத் தட்டினார்.

கோயில் மணி மாதிரி ஒலித்தது. அவ்வளவு நீளமான நாதத்தை நான் அந்தக் கடையில் கேட்டதில்லை. அது அடங்குவதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். நைனா என்னைப் பார்த்து முடித்து, முகம் கறுத்து, குழலைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"குழல் வுட்டுப் போச்சு தொர. நாதம் இல்ல" என்றார். "நானூறு."

டிரைவர் துரைக்கு அந்த ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாது. "நான் நல்லா வெச்சிருந்தேனே மேன்" என்றார். "வாராவாரம் எண்ண போட்டேனே."

நான் எழுந்தேன். "நைனா..." என்றேன். நைனா பார்த்தார். கல்லாவிலிருந்து அண்ணாச்சியும் பார்த்தார். நாதம் நன்றாகத்தானே இருந்தது என்று நான் சொன்னால், அப்படியானால் இவருக்கு ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டவள் மாதிரி நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்து, என் கையாலேயே நானூறு என்று அடித்தேன்.

துரை பணத்தை வாங்கி அப்படியே மகள் கையில் கொடுத்தார். "வழிச் செலவுக்கு வெச்சுக்கோ" என்றார். வேறு எந்தக் கடைக்குப் போனாலும் நைனா சொன்ன விலைதான் என்று அவருக்கும் தெரியும்.

அன்று கடை மூடிய பிறகு, கல்மண்டபம் ரோட்டில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே, நைனாவின் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "அது மணி நைனா. நான் கண்ணைத் துடைச்சேன். அழுகை வந்துடுச்சு, அதான் கழட்டினேன்."

"மணியா?"

"கோயில் மணி."

ரோட்டோரம் அப்படியே குந்திவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆயிரத்தி எட்நூறு," என்றார் தனக்குத்தானே. "ஆயிரத்தி எட்நூறுமா அது." தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்று மாலையே அண்ணாச்சி ஊர்த் திருவிழாவுக்கு ரயில் ஏறிவிட்டார். பத்து நாள் ஆகும் திரும்ப. கல்லாவும் துப்பாக்கி இருந்த இரும்பு அலமாரியும் அவர் சாவியில் இருந்தன. நைனா மவுண்ட் ரோட்டில் இரண்டு கடைக்குப் போய், அந்தத் துப்பாக்கியை மெய் விலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். உங்கள் கையெழுத்து ஆயிற்று, அது உங்கள் கடைக் கணக்கில் ஏறிவிட்டது, நாங்கள் என்ன செய்ய என்று அனுப்பிவிட்டார்கள். யாரிடமாவது கடன் கேட்கலாமென்றால் அவருக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கவும் ஆள் இல்லை. எனக்கும் இல்லை. வெறுங்கையோடு துரை முன்னால் போய் நிற்க இருவருக்கும் துணிவில்லாமல், அந்தப் பத்து நாளும் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அண்ணாச்சி வந்ததும் நைனா நேரே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காது போனது, கண்ணாடி, எல்லாம். நான் கதவருகே நின்றேன்.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "என்ன நைனா, சின்னப்பிள்ள மாதிரி பேசுதீய? எனக்கும் காது இருக்குல்லா. அன்னைக்கு நானும்தான் கேட்டேன். மணி மாதிரி இருந்திச்சு. நீங்க நானூறுன்னதும், சரி, இன்னைக்காவது இவருக்குப் புத்தி வந்துட்டுன்னு நெனச்சேன்."

"அந்த ஆளுக்குப் பாக்கிய குட்த்துடுங்க அண்ணாச்சி. என் சம்பளத்துல புட்ச்சிக்குங்க."

"ரெண்டு வெல சொல்லுத ஆளா நீங்க? ஊரே என்ன சொல்லும்? சொன்னது சொன்னதுதான்." குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காது கேக்கலேன்னா அதுக்கென்ன இப்பம்? வேல போகாது, பயப்படாதீய. ஏம்மா, நீ நாளைக்கு மேசைய அந்தப் பக்கம் போட்டுக்க. இனிமே நைனாவுக்கு எதுத்தாப்புல நான் இருக்கேன்."

நைனா தன் சோப்பையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். அப்புறம் அவர் அந்தக் கடைப் படி ஏறவில்லை. நான் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

நைனா இறங்கிப் போன அன்றைக்கு மட்டும் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அவர் பின்னால் ஓடினேன். இருவருமாக டிரைவர் துரை வீட்டுக்குப் போனோம். வாசலில் கட்டில், அலமாரி எல்லாம் விலைபோகாமல் கிடந்தன. மகளும் பிள்ளைகளும் இரண்டு நாள் முன்னால் பம்பாய் மெயிலில் போய்விட்டார்கள், கப்பல் அங்கிருந்துதான். கிழவர் தனியாக ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

முப்பது வருஷம் எஞ்சினில் நின்றவருக்கும் காது மந்தம். ஒரு அரைச் செவிடரும் ஒரு முழுச் செவிடரும் உரக்கக் கத்திப் பேசினார்கள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"தொர! தப்பு நடந்து போச்சு! என் காது போச்சு! ஒன் துப்பாக்கி குழல் நல்லாகீது!"

"இன்னா மேன்?"

"நல்லாகீது! நாதம் சுத்தம்! நான்தான் தப்பா சொன்னேன்!"

துரை எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று நான் ஒதுங்கினேன். அவர் முகம் சிறுபிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. "நல்லா இருக்கா? கெட்டுப் போகலியா?" என்று கத்தினார். "நான் சொன்னேன்ல மேன்! வாராவாரம் எண்ண போட்டேன்! என் பொண்ணுகிட்டகூட சொன்னேன், நான் அத கெடுக்கலன்னு!" நைனாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நைனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அந்தக் கிழவர், பரிசாக வந்த பொருளைத் தானே பாழாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நைனாவுக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, குலுக்கிக்கொண்டிருந்த கை மெல்ல நின்றது.

"அப்போ மெய் வெல எவ்ளோ மேன்?"

நைனா வாயைத் திறந்தார். அவரிடம் விலை கேட்டு அவர் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. உதடு மட்டும் அசைந்தது. துரை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மிஸ்ஸி. எவ்ளோ?"

பொய் சொல்வதென்றால் எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். எனக்கு அந்த வசதியும் இல்லை. தெருவே கேட்கக் கத்தினேன். "ஐந்நூறு! நூறு ரூபாதான் கூட!"

நைனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்கு ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது.

"டிக்கெட்டுக்கு வந்திருக்காது, இல்ல மேன்?" என்றார் துரை, அவரிடம்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, துரையின் முகத்தைப் பார்த்து, "வந்திருக்காது தொர" என்றார். "எப்டி பாத்தாலும் வந்திருக்காது."

"அப்போ சரி," என்றார் டிரைவர் துரை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார்.